புறவாசலில் பத்துப் பை

நெல்லைப் பக்கம் புதிதாகக் காய்கறி போடுகிறவர்கள் ஆடி பிறந்ததும் விதைப் பொட்டலத்தைப் பிரித்துவிடுகிறார்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொல்லிவைத்திருக்கிறார்களே என்ற தைரியம்தான். சொலவடையில் பிழை இல்லை. அது காட்டில் மானாவாரியாக விதைப்பவருக்குச் சொன்னது. ஒரு அடிப் பையில், அதுவும் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) செடி வைப்பவருக்கு இங்கே ஆடி மாதம் ஆகாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து பணகுடி, வள்ளியூர் என்று அடிக்கும் காற்றை நம்பித்தான் அத்தனை காற்றாலைகளை அங்கே நட்டிருக்கிறார்கள். கயத்தாறு பக்கமும் அதே கதைதான். வைகாசிக் கடைசியில் கிளம்பும் மேல்காற்று ஆவணி வரை ஓயாது. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் பையில் வற்றிவிடும். வெண்டை இடுப்பில் ஒடியும், கத்தரிப்பூ உதிரும், நாற்று தலை தூக்காது. விதையைக் குறை சொல்லிப் பயனில்லை.

சமவெளியில் இருப்பவர்கள் ஆவணி நடுவில் மண்ணைக் கலந்து வைத்துவிட்டு, ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி பத்தாம் தேதிக்குள் விதைக்கலாம். காற்று அடங்கியிருக்கும், வெயிலும் இருக்கும். ஐப்பசி அடைமழை இறங்குவதற்குள் செடி ஒரு சாண் உயரம் வந்து வேர் பிடித்துவிடும். மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகள்தான் இந்த ஊரில் காய் பிடிக்க நல்ல காலம். இரண்டாவது வாய்ப்பு தைக் கடைசியும் மாசியும். வெண்டை, சீனி அவரை (கொத்தவரங்காய்தான், இங்கே அதன் பெயர் இது), கொடிக் காய்கள் அப்போது நன்றாக வரும். தென்காசி, செங்கோட்டை, ஆய்க்குடிக்காரர்களுக்குச் சாரல் இருப்பதால் ஆனியிலேயே கீரை போடலாம். ஆனால் நாற்று அழுகும் தொல்லை அவர்களுக்கு அதிகம்.

எத்தனை செடி என்பது அடுத்த கேள்வி. முதல் தடவை பத்துப் பை போதும். கீரைக்கு இரண்டு, சீனி அவரைக்கு இரண்டு, வெண்டைக்கு மூன்று, கத்தரிக்கு இரண்டு, மிளகாய்க்கு ஒன்று. பட்டியலில் தக்காளி இல்லை. எல்லோரும் முதலில் வைக்க ஆசைப்படுவது தக்காளி, எல்லோரையும் முதலில் ஏமாற்றுவதும் அதுதான். இந்தப் பத்தும் ஒரு மாதம் உயிரோடு இருந்தால் பதினோராவது பையைத் தக்காளிக்குக் கொடுக்கலாம்.

இடம் பார்ப்பது

காய் காய்க்கும் செடிக்கு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும். புறவாசலில் வேம்போ மாமரமோ கவிந்திருந்தால் தட்டட்டிதான் வழி. தட்டட்டியில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். மூன்றடிக் கைப்பிடிச் சுவர் தெற்கே இருந்தால் உச்சிப்பொழுதிலும் அதன் நிழல் ஏறக்குறைய இரண்டு அடி உள்ளே விழும். காற்றோ மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே மேற்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, தெற்குச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளிப் பைகளை வைத்தால் வெயிலும் கிடைக்கும், மேல்காற்றும் நேரே முகத்தில் அறையாது.

ஈரமண் நிறைந்த ஒரு அடிப் பை 25 கிலோ வரும். கீரைப் பைகளையும் சேர்த்தால் பத்துப் பைக்கு 300 கிலோ பக்கம் ஆகிவிடும். எல்லாவற்றையும் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் ஓடும் வரிசைக்கு மேலே பரப்பி வைப்பது நல்லது. பையைத் தரையில் நேராக வைக்கக் கூடாது. இரண்டு செங்கல் மேல் வைத்தால் அடியில் காற்று ஓடும், தளத்தில் ஈரம் ஊறாது, ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவும் முடியும். 2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பெய்ததைப் போன்ற மழை எப்போதாவது வருவதுதான். ஆனால் சாதாரணக் கார்த்திகை மழைக்கே வடியாத பை ஒரே இரவில் சேற்றுக்குட்டை ஆகும். அதில் இரண்டு நாள் நின்ற கத்தரி பிழைப்பது சந்தேகம்.

மண்

காய்ச் செடிகளுக்கு 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள பை. கீரைக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும்: 18 அங்குல அகலம், 9 அங்குல உயரம். பழைய பெயின்ட் வாளி, அரிசிச் சாக்கு, உடைந்த தொட்டி எல்லாம் ஆகும். அடியிலும் பக்கவாட்டில் கீழிருந்து ஒரு அங்குலம் மேலேயும் சுண்டுவிரல் நுழையும் அளவு ஆறு ஓட்டை போட வேண்டும். மண் ஒழுகாமல் உள்ளே ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஒரு ஓட்டுச்சில்லு வைத்தால் சரி.

கொத்தனார் சாந்துச் சட்டியை அளவாக வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. சட்டி ஏறக்குறைய 10 லிட்டர் பிடிக்கும். பத்துப் பைக்கும் சேர்த்து 20 சட்டிக் கலவை வேண்டும்: செம்மண் 10, மக்கிய தொழுவுரம் 5, தென்னை நார்க்கழிவு 5. ஒவ்வொரு பைக்கும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, அதாவது 50 கிராம். பையின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் காலியாக விட வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் ஊற்றுகிற தண்ணீர் மண்ணோடு வெளியே ஓடிவிடும்.

இது செம்மண்காரர்களுக்கான கணக்கு. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைத் தனியாகப் பையில் போட்டால் நனைந்தால் களி, காய்ந்தால் பாளம். கரிசல் ஒரு பங்குக்கு ஆற்று மணல் ஒரு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். சாத்தான்குளம், திசையன்விளைத் தேரி மணலில் தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. அதில் தொழுவுரத்தையும் நார்க்கழிவையும் சேர்த்து முக்கால் பங்காக்கினாலும் தப்பில்லை.

நார்க்கழிவில் ஒரு சூட்சுமம் உண்டு. கடையில் விற்கும் 5 கிலோக் கட்டி ஊறினால் 60, 70 லிட்டராகப் பொங்கும். அதில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் ஒரு தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் கலக்க வேண்டும். கயிற்றுத் தொழிற்கூடத்து வாசலில் குவிந்து கிடக்கும் பச்சைத் தும்புத்தூளை அள்ளிவந்து கலந்தால், அது மக்குவதற்கு மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். செடி மூன்றாவது வாரமே வெளுத்து நிற்கும்.

எருவிலும் அவசரம் கூடாது. இங்கே ஆட்டுப்புழுக்கை எளிதாகக் கிடைக்கும், சத்தும் அதிகம். ஆனால் புதுப் புழுக்கை சூடு, வேரைக் கருக்கிவிடும். நனைத்து மூடி மூன்று மாதம் போட்டு, விரலால் நசுக்கினால் பொடியாகும் பதத்துக்கு வந்தபின் சேர்க்கலாம். மாட்டுச்சாணம் மணக்காமல், கறுத்து, உதிரியாக இருக்க வேண்டும். உள்ளே கையை விட்டுக் கிளறினால் பால் வெள்ளையில், தலை மட்டும் பழுப்பாக, வளைந்து படுத்திருக்கும் தடிப்புழு அகப்படும். வண்டின் புழு அது. ஒன்றே ஒன்று பையில் போனாலும் வேரைத் தின்று, நன்றாக இருந்த செடியை ஒரு வாரத்தில் சாய்க்கும். எருவை வெயிலில் பரப்பினால் கோழியே பொறுக்கிவிடும். கோழி இல்லாத வீட்டில் நாம்தான் பொறுக்க வேண்டும்.

கலந்த மண்ணைப் பையில் நிரப்பி, தண்ணீர் தெளித்து, பத்து நாள் சும்மா விட வேண்டும். அந்தப் பத்து நாளில் சூடு அடங்கும், களை விதை முளைக்கும், பிடுங்கிப் போடலாம்.

கீரையில் தொடங்குவது

முதல் அறுவடை 25 நாளில் கைக்கு வரும் என்பதால் கீரை புதியவருக்குத் தெம்பு கொடுக்கும். ஒரு பையில் சிறுகீரை, இன்னொன்றில் அரைக்கீரை. சிறுகீரையை வேரோடு பிடுங்கிவிட்டு மறுபடி விதைக்க வேண்டும். அரைக்கீரையை மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே நறுக்கினால் பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்பத் தழைக்கும். ஐந்தாறு தடவை அறுக்கலாம்.

விதை கடுகை விடச் சிறியது. ஒரு பைக்கு அரைத் தேக்கரண்டி எடுத்து, இரண்டு கை உலர்ந்த மணலோடு கலந்து சாயங்காலம் தூவ வேண்டும். மேலே மண்ணைக் கொட்டி மூடக் கூடாது; உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் போதும். பூவாளியால் தெளித்து, ஈரச்சாக்கு ஒன்றை மேலே போட்டு வைத்தால் மூன்றாம் நாள் முளை தெரியும். முளை கண்டதும் சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளுத்து நீண்டு படுத்துவிடும்.

'விதைத்தேன், ஒன்றும் முளைக்கவில்லை' என்பவர்களில் பாதிப் பேரின் விதை எறும்புப் புற்றில் இருக்கிறது. கீரை விதையை எறும்பு வரிசை கட்டித் தூக்கிப் போய்விடும். பையைச் சுற்றி ஒரு பிடி அரிசிக் குருணையைத் தூவினால் எறும்பு அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். மீதிப் பாதிப் பேர் குழாயை நேராகத் திறந்து விதையை ஒரு மூலைக்கு அடித்துச் சென்றவர்கள்.

நெருக்கமாக முளைத்தால் பத்தாம் நாள் கலைத்துவிட வேண்டும். பிடுங்கிய குட்டிக்கீரை ஒரு பருப்புக் கடைசலுக்கு ஆகும்.

சீனி அவரையும் வெண்டையும்

இந்த ஊர் மண்ணுக்கும் வெயிலுக்கும் என்றே செய்தது போன்ற செடி சீனி அவரை. எரு குறைந்தாலும் வரும், தண்ணீர் ஒரு நாள் தப்பினாலும் பொறுக்கும், ஓரளவு உப்புத்தண்ணீரையும் தாங்கும். நாற்று விட வேண்டாம். விதையை நான்கு மணி நேரம் ஊறவைத்து, விரலின் முதல் கணுவில் பாதி ஆழத்தில், ஒரு பைக்கு நான்கு இடத்தில் ஊன்றலாம். வளர்ந்ததும் நல்ல மூன்றை நிறுத்திக்கொள்ளலாம். 45 நாளுக்கு மேல் காய் வரும். இதற்கு அதிக உரம் கொடுத்தால் இலையாக வளர்ந்து காயை மறந்துவிடும். காயைப் பிஞ்சாகப் பறிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான்கு நாள் விட்டால் நார் ஏறிவிடும், பிறகு எவ்வளவு தேங்காய் போட்டு வதக்கினாலும் சக்கைதான்.

வெண்டை விதைக்குத் தோல் தடிப்பு. முந்தின இரவு ஊறப்போட்டு, காலையில் மிதப்பதைத் தள்ளிவிட்டு, ஒரு பையில் இரண்டு இடத்தில் இரண்டிரண்டு விதை ஊன்ற வேண்டும். ஐந்தாறு நாளில் முளைக்கும். இரண்டு இலை விட்டதும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். 40 நாளில் பூக்கும். பூ விழுந்து ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பதம்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வெண்டைச் செடி இரண்டு நாளைக்கு ஒரு காய்தான் கொடுக்கும். மூன்று பையில் ஆறு செடி என்றால் ஒரு பறிப்புக்கு ஆறு காய். நான்கு பேர் வீட்டில் பொரியலுக்குப் பதினெட்டு, இருபது காய் வேண்டும். ஆகவே மூன்று பறிப்பைச் சேர்த்து வைக்க வேண்டும், அல்லது சாம்பாரோடு திருப்தி அடைய வேண்டும். காய் சேரட்டும் என்று செடியிலேயே விட்டுவைப்பது மட்டும் கூடாது. முற்றிய காய் ஒன்று நின்றாலே செடி அடுத்த பூவைக் குறைத்துக்கொள்ளும்.

வெண்டையின் பெரிய நோய் மஞ்சள் நரம்பு. இலையின் நரம்பு மட்டும் வலை போல மஞ்சளாகி, பிறகு காயும் வெளிறும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது; மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பார்த்த அன்றே பிடுங்கி எறிய வேண்டும். விதை வாங்கும்போதே பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா போல இந்த நோயைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். இளஞ்சிவப்பு, நீலச் சாயம் பூசிய விதை மருந்து நேர்த்தி செய்தது. அதைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும், குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

கத்தரி

ஒரு தடவை பிடித்துவிட்டால் வருஷம் தாண்டியும் காய்க்கும் செடி இது. வல்லநாட்டுக்கு அருகே கிள்ளிகுளத்தில் உள்ள வேளாண் கல்லூரி வெளியிட்ட கேகேஎம் 1 ரகம் பால்வெள்ளையில், முட்டை வடிவில், கொத்துக்கு இரண்டு முதல் நான்கு காய் பிடிக்கும். நம் வீட்டுப் புளிக்குழம்புக்கும் எண்ணெய்க் கத்தரிக்கும் தோதான காய்.

விதையை நேராகப் பையில் போட வேண்டாம். தேநீர்க் கோப்பை அளவு டப்பாக்களில் பாதி மணல், பாதி மக்கிய எரு நிரப்பி, இரண்டிரண்டு விதை அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, நேர் மழை படாத திண்ணையில் காலை வெயில் விழுமாறு வைக்க வேண்டும். ஏழெட்டு நாளில் முளைக்கும். இந்தக் கட்டத்தில் நாற்று சாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஓயாத ஈரம். நேற்று நிமிர்ந்து நின்றது இன்று காலை மண்மட்டத்தில் நூல் போல மெலிந்து சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். மேல்மண் வெளுத்த பிறகே தண்ணீர் தெளிப்பது என்று வைத்துக்கொண்டால் அது வராது.

30, 35 நாளில் நான்கைந்து இலையோடு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரம் வரும். சாயங்காலம், மண் கட்டி உடையாமல், ஒரு பைக்கு ஒன்று மட்டும் நட வேண்டும். நட்ட மறுநாள் வாடியது போல் தெரிந்தால் பதற வேண்டாம்; இரண்டு நாள் ஒரு ஓலையைச் சாய்த்து நிழல் கொடுத்தால் நிமிர்ந்துவிடும். நட்ட இரண்டு மாதத்தில் முதல் காய்.

கத்தரியைப் பாடாய்ப் படுத்துவது தண்டுத் துளைப்பான். காலையில் தண்ணீர் ஊற்றப் போகும்போது செடி முழுக்க நிமிர்ந்து நிற்க, ஒரே ஒரு கொழுந்து மட்டும் கழுத்து முறிந்தது போலத் தொங்கும். தண்ணீர்க் குறை என்று நினைத்து இன்னொரு செம்பு ஊற்றுவார்கள். அந்தக் கொழுந்தை நகத்தால் கிள்ளி, தண்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே ஈரத் தூள் அடைத்த துளை, அதன் முடிவில் வெளிர் ரோஸ் நிறத்தில் அரை அங்குலப் புழு. தொங்கும் நுனிக்கு ஒரு அங்குலம் கீழே வரை வெட்டி, நசுக்கி, பையில் போட்டுக் கட்டி வெளியே எறிய வேண்டும். செடி அடியில் போட்டால் புழு மண்ணில் இறங்கிக் கூடு கட்டி மறுபடியும் தாய்ப்பூச்சியாக வரும். வாரம் இரண்டு தடவை இந்தக் கொழுந்து பார்க்கும் வேலையைச் செய்தாலே பாதிக் காய் சொத்தையாவதைத் தடுக்கலாம்.

இலை எல்லாம் சுண்டைக்காய் அளவாகச் சிறுத்துக் கொத்தாக நிற்கும் செடி இனிக் காய்க்காது. சிற்றிலை நோய் அது. தத்துப்பூச்சி மற்றதற்கும் கொண்டுபோய்விடும், பிடுங்கிவிட வேண்டும்.

மிளகாய்க்கும் நாற்று முறை இதேதான். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். வீட்டுச் சமையலுக்கு ஒரு செடி போதும்.

தண்ணீர்

தண்ணீர் இல்லாமல் செத்த செடியை விடத் தண்ணீரால் செத்த செடி அதிகம். மத்தியானம் இலை தொங்குவது வெயிலுக்கு. சாயங்காலம் தானாக நிமிரும். காலையிலும் தொங்கினால்தான் கவலை. அப்போதும் ஊற்றுவதற்கு முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். விரலில் மண் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். செடி வாடுவதற்குக் காரணம் வேர் அழுகல். ஒட்டாமல் வறண்டிருந்தால் ஊற்றலாம்.

ஒரு அடிப் பைக்கு மார்கழி, தையில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். பங்குனி, சித்திரையில் காலை ஒரு லிட்டர், மாலை ஒரு லிட்டர். மழை நாளில் ஒன்றும் வேண்டாம். மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த சருகு, தும்பு, கடலைத் தோல் எதையாவது பரப்பினால் தண்ணீர் வற்றுவது நன்றாகவே குறையும். தண்டைத் தொட்டுக்கொண்டு மட்டும் மூடாக்கு இருக்கக் கூடாது.

தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு இதற்குமேல் கவலை இல்லை. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பலவற்றில் உப்பு உண்டு. பை விளிம்பில் வெள்ளைப் பூப்பு, இலை ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பு என்றால் உப்பு ஏறுகிறது. மழைநீரைப் பிடித்து வைத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு பைக்கு நான்கைந்து லிட்டர் மெதுவாக ஊற்றி அடியில் வடிய விட்டால் உப்பு இறங்கும். குடிநீர் சுத்திகரிக்கும் கருவியிலிருந்து கழியும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. உப்பெல்லாம் திரண்டிருப்பதே அந்தத் தண்ணீரில்தான். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம்.

தீனியும் பூச்சியும்

பையில் போட்ட எரு ஒன்றரை மாதத்துக்குத்தான். பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, அதைப் பத்து லிட்டராகப் பெருக்கி, செடிக்கு அரை லிட்டர். நாற்றம் அடிக்கும், மூடி வைக்க வேண்டும். மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் சேர்த்து மூன்று வாரம் மூடி வைத்த மீன் அமிலம் இன்னொரு வழி. லிட்டருக்கு 5 மில்லி போதும். வெல்லம் கிடைக்காவிட்டால் மலிவான நாட்டுச்சர்க்கரை போடலாம். உடன்குடிக் கருப்பட்டியை இதில் கரைப்பது பாவம். இலை கரும்பச்சையாகக் கொழுத்து, பூவே வராவிட்டால் தீனி அதிகம் என்று பொருள். ஒரு மாதம் நிறுத்திவிட வேண்டும்.

பூச்சிக்கு முதல் மருந்து கண். தினமும் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பவர் வீட்டில் பூச்சி பெருகாது. அசுவினி, மாவுப்பூச்சி நாலைந்து தெரியும்போதே விரலால் நசுக்கலாம், அல்லது தண்ணீரைப் பீய்ச்சி உதிர்க்கலாம். எறும்பு தண்டில் ஏறி இறங்குகிறது என்றால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. அவை கழிக்கும் இனிப்புக்காக எறும்பு காவல் நிற்கிறது.

அதற்கு மேல் போனால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. எண்ணெயைத் தண்ணீரில் விட்டுக் கலக்கினால் மிதக்கும். முதலில் எண்ணெயோடு 2 மில்லி சோப்புக் கரைசலைச் சேர்த்து வெள்ளையாகும் வரை அடித்து, பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியில் படும்படி தெளித்து, ஏழு நாள் கழித்து இன்னொரு முறை. உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கும் ஊர் இது. பொறுக்கி உலர்த்தி வைத்தால் காசே இல்லை: 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிழிந்து தெளிக்கலாம்.

மயிலுக்கு மருந்து கிடையாது. கிராமத்து வீடுகளில் நாற்று நட்ட முதல் மூன்று வாரமும் வலை போட்டே ஆக வேண்டும். அணிலுக்கும் அதே வலைதான். பாபநாசம், குற்றாலம் பக்கம் குரங்கு வரும் வீட்டில் கீரையும் மிளகாயும் போதும் என்று இருப்பது நிம்மதி.

பதினோராவது பை

தக்காளிக்குப் பகல் வெயில் 35 பாகைக்கு மேல் போனாலோ இரவு புழுங்கினாலோ பூ பிஞ்சாகாமல் உதிரும். அதனால் மார்கழி, தையில் பூக்கும்படி கணக்கிட்டு, புரட்டாசிக் கடைசியில் நாற்று விட வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிகேஎம் 1 நாட்டுத் தக்காளி ருசியில் இருக்கும். 25 நாள் நாற்றைக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதி புதையும்படி ஆழமாக நடலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். நட்ட அன்றே ஒரு கம்பை ஊன்றிவிட வேண்டும்; காய் பிடித்தபின் ஊன்றினால் வேர் அறும். பழத்தின் அடிப்பாகம் கறுத்துக் குழிந்தால் அது பூச்சி இல்லை. ஒரு நாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. தண்ணீரை ஒழுங்காக்கினால் அடுத்த காய் நன்றாக வரும்.

தரையில் இடம் இருப்பவர்கள் தை பிறந்ததும் மதில் ஓரம் ஒன்றரையடிக் குழி எடுத்து, ஒரு கூடை எரு போட்டு, நான்கு சுரை விதை ஊன்றி, நல்ல இரண்டை விட்டுப் பந்தலிலோ கம்பி வேலியிலோ ஏற்றலாம். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. பத்துப் பதினைந்து நாள் வெறுமனே உதிரும். பிறகு, இதழுக்குப் பின்னால் விரல்நுனி அளவு குட்டிச் சுரையோடு பெண் பூ வரும். அந்தக் குட்டி மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. சுரைப்பூ அந்தியில் விரிவது. பகல் தேனீயை நம்பிப் பயனில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் டார்ச்சோடு போய், புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, வெள்ளை இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் நிற்கும் மஞ்சள் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் உள்ள கொழுத்த பச்சை முடிச்சில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். மகரந்தம் மாவு போல ஒட்டுவது தெரியும். மூன்றாம் நாள் குட்டியின் காம்பு தடித்து, தலை கீழே தொங்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது. அன்றே ஒரு காகிதப் பையை அதன்மேல் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழ ஈ குத்தி முட்டையிட்டு, காய் ஒரு பக்கம் கோணி அழுகும். பாகலுக்கு இதே வேலையைக் காலையில் செய்ய வேண்டும், அதன் பூ விடியற்காலையில் விரிகிறது.

சித்திரையில் வெண்டையும் தக்காளியும் ஓய்ந்துவிடும். அந்த மண்ணைக் கொட்டிப் பரப்பி, பத்து நாள் வெயிலில் காயவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புது எரு சேர்த்து மறுபடி நிரப்பலாம். வெண்டை இருந்த பையில் அடுத்து சீனி அவரை, கத்தரி இருந்த பையில் கீரை என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கத்தரிக்குப் பின் தக்காளியோ மிளகாயோ வைக்கக் கூடாது, மூன்றும் ஒரே குடும்பம், ஒரே நோய். நன்றாக இருக்கும் கத்தரிச் செடியை மட்டும் பிடுங்க வேண்டாம். மண்ணிலிருந்து ஒரு அடி விட்டு எல்லாக் கிளையையும் சாய்வாக வெட்டி, ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் இரண்டு கை எருவும் போட்டு, மேற்குச் சுவர் மறைவுக்கு நகர்த்திவைத்தால் காற்று மாதத்தைக் குச்சியாகவே கடந்துவிடும். ஆவணியில் புதுக் கொழுந்து நிறைந்து, நாற்று விடும் வேலை இல்லாமல் காய்க்கும். வெட்டுவதற்கு முன் ஒரு காயை மட்டும் விதைக்கு விட்டு, அது மஞ்சளாகிப் பழுத்தபின் பிசைந்து, தண்ணீரில் அடியில் தங்கும் விதையை நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டிக் கண்ணாடிக் குப்பியில் தேதி எழுதி வைக்கலாம். கலப்பின விதையில் முளைத்த செடி என்றால் அந்தக் காயையும் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம், அதன் விதை தாயைப் போல வராது.